இரண்டு நூறுகளுக்கு இடையே மட்டாஞ்சேரி

கொச்சி: நினைவுச் சின்னங்களைக் காக்கும் மத்தியச் சட்டத்தில் இரண்டு நூறுகள் உள்ளன. ஒரு கட்டடம் தொன்மையானது என்று கருதப்பட வேண்டுமானால் அதற்குக் குறைந்தது 100 ஆண்டு வயதாகியிருக்க வேண்டும். அது பாதுகாக்கப்பட்ட சின்னமாகிவிட்டால், அதைச் சுற்றி 100 மீட்டர் தொலைவுக்குள் புதிதாக எதையும் கட்டக் கூடாது. முதல் நூறு காலத்தை அளக்கிறது. இரண்டாவது நூறு தூரத்தை அளக்கிறது. இவ்விரண்டு அளவுகோல்களுக்கும் இடையே அகப்பட்டுக்கொண்ட ஊர்களில் ஒன்று கேரளத்தின் மட்டாஞ்சேரி.

உப்பங்கழியின் மேற்குக் கரையில், ஃபோர்ட் கொச்சியை ஒட்டிக் கிடக்கும் இந்தப் பழைய வணிகப் பகுதிக்கு ஆண்டுதோறும் பல்லாயிரக்கணக்கான பயணிகள் வருகின்றனர். அரண்மனையைப் பார்க்கின்றனர், யூதர் தெருவில் நடக்கின்றனர், மிளகும் சுக்கும் மணக்கும் பண்டகசாலைகளைப் படம் பிடித்துக்கொண்டு திரும்புகின்றனர். அவர்கள் காண்பது ஒரு காட்சிக்கூடம். அங்கே வசிப்பவர்களுக்கோ அது வீடும் கடையும் வேலையும்.

அரண்மனைச் சுவரை ஒட்டி...

மட்டாஞ்சேரி அரண்மனையை 1555-இல் கட்டியவர்கள் போர்த்துகீசியர். கோயில் ஒன்றைக் கொள்ளையிட்டதால் சினமுற்றிருந்த கொச்சி மன்னர் வீர கேரள வர்மாவைச் சமாதானப்படுத்த அதை அவருக்குப் பரிசாக அளித்தனர் என்பது வரலாறு. 1663-க்குப் பிறகு டச்சுக்காரர்கள் பழுதுபார்த்ததால், கட்டாதவர்களின் பெயரே நிலைத்து இன்றும் "டச்சு அரண்மனை" என்று வழங்குகிறது. உள்முற்றத்தில் பழையன்னூர் பகவதி கோயில்; அறைச் சுவர்களில் ராமாயண ஓவியங்கள்.

அரண்மனையை அடுத்து மன்னர் அளித்த நிலத்தில் 1568-இல் எழுந்தது பரதேசி யூதர் தொழுகைக்கூடம். அதன் தரையில் சீனத்து நீலவண்ண ஓடுகள் பதிக்கப்பட்டுள்ளன. 1760-இல் அமைந்த மணிக்கூண்டின் முகப்புகளில் ஹீப்ரு, ரோமன், மலையாள எண்கள் காணப்படுகின்றன. 1968-இல் நடைபெற்ற இத்தொழுகைக்கூடத்தின் 400-ஆவது ஆண்டு விழாவில் அன்றைய பிரதமர் இந்திரா காந்தி கலந்துகொண்டார்.

அரண்மனை, கோயில், தொழுகைக்கூடம் மூன்றும் அடுத்தடுத்து நிற்கின்றன. சற்று விலகினால் கொங்கணி மொழி பேசுவோரின் திருமலை தேவஸ்வம் கோயில், குஜராத்தியரின் வணிக இல்லங்கள், கச்சி மேமன்களின் தெருக்கள். ஃபோர்ட் கொச்சியின் வெளி மைதானப் பகுதியில் உள்ள சலவைத் துறையில் இன்றும் தமிழ் கேட்கிறது. டச்சுக்காரர் காலத்தில் படைவீரர்களின் உடைகளை வெளுக்க அழைத்து வரப்பட்டதாகக் கூறப்படும் தமிழ் வண்ணார் குடும்பங்களின் வழித்தோன்றல்கள் அவர்கள்.

இப்பன்மையே மட்டாஞ்சேரியின் மரபுச் செல்வம். ஆனால், சட்டம் பாதுகாப்பது அரண்மனையை மட்டுமே.

நாடாளுமன்றம் வரைந்த வட்டம்

1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், 1992 ஜூன் 16-இல் மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. அதன்படி ஒவ்வொரு சின்னத்தையும் சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி; அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. தடை இருந்தபோதும் தொல்லியல் ஆய்வுத் துறை பல கட்டுமானங்களுக்கு விதிவிலக்கு அளித்து வந்தது. அவ்வாறு அளிக்க அதிகாரமில்லை என்று 2009-இல் தில்லி உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகே நாடாளுமன்றம் தலையிட்டது.

2010 மார்ச்சில் நிறைவேறிய திருத்தச் சட்டம், அறிவிக்கையில் இருந்த தூரங்களைச் சட்டத்திலேயே எழுதியது. மீறுவோருக்கு 2 ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என விதித்தது. தேசிய நினைவுச் சின்னங்கள் ஆணையத்தையும் உருவாக்கியது.

நோக்கத்தில் பழுதில்லை. தாஜ்மஹாலின் நிழலில் அடுக்குமாடிகள் முளைப்பதை எவரும் விரும்பார். ஆனால், ஆக்ராவுக்கும் மட்டாஞ்சேரிக்கும் மாமல்லபுரத்துக்கும் ஒரே அளவுகோலை வைத்ததில்தான் சிக்கல் பிறந்தது. ஒரு புள்ளியை மையமாக வைத்து 300 மீட்டர் ஆரத்தில் வட்டம் வரைந்தால், அதற்குள் ஏறத்தாழ 70 ஏக்கர் நிலம் அடங்கும். சட்டமோ சின்னத்தின் எல்லையிலிருந்து தூரத்தை அளக்கிறது. எனவே பரப்பு இன்னும் கூடும். கோட்டைக்கு அருகே வயல்வெளி இருக்குமானால் அதனால் பாதிப்பில்லை. ஒட்டி ஒட்டி வீடுகள் நிற்கும் துறைமுக ஊரில், 70 ஏக்கர் என்பது ஒரு முழுச் சமூகம்.

உள்வட்டத்தில் பழைய வீட்டைப் பழுதுபார்க்கலாம். அதற்கும் உரிய அதிகாரியின் அனுமதி பெற வேண்டும். மகனுக்குத் திருமணமானால் கூடுதலாக ஓர் அறை கட்டுவதோ, காலிமனையில் வீடு எழுப்புவதோ இயலாது. வசதி உள்ளவர் வேறிடம் பெயர்கிறார். வசதியற்றவர் ஒழுகும் கூரையின் கீழ் தங்குகிறார். காலப்போக்கில் வீடுகள் கைமாறிக் கலைப்பொருள் கடைகளாகவும் தங்கும் விடுதிகளாகவும் உருமாறுகின்றன. கட்டடம் நிற்கிறது, குடித்தனம் நீங்குகிறது.

இக்குறையை உணர்ந்தே, ஒவ்வொரு சின்னத்துக்கும் அதன் சூழலுக்கேற்பத் தனித் துணைவிதிகள் வகுக்குமாறு 2010-ஆம் ஆண்டுச் சட்டம் பணித்தது. அதன்பின் பல ஆண்டுகள் கழிந்தும், ஏறத்தாழ 3,690 மத்தியச் சின்னங்களில் பெரும்பாலானவற்றுக்கு அவ்விதிகள் இறுதி வடிவம் பெறவில்லை.

நாடாளுமன்றத்தில் இவ்விவகாரம் மீண்டும் எழாமல் இல்லை. தடைசெய்யப்பட்ட பகுதியில் மத்திய அரசின் பொதுப் பணிகளுக்கு வழிவிடும் திருத்த மசோதா 2017-இல் கொண்டுவரப்பட்டு, 2018 ஜனவரியில் மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவையோ அதைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பியது, மசோதா சட்டமாகவில்லை. அதிலும் சாலைக்கும் பாலத்துக்கும்தான் விலக்கு கோரப்பட்டதே தவிர, குடியிருப்போரின் ஓர் அறைக்கு அல்ல.

போக்குவரத்து, சுற்றுலா, பண்பாட்டுத் துறைக்கான நிலைக்குழு 2023-இல் அளித்த அறிக்கையில், இந்தத் தூரக் கட்டுப்பாடுகள் பொதுமக்களுக்கு இன்னல் விளைவிப்பதைச் சுட்டிக்காட்டியது. முழுக் கிராமங்களே 300 மீட்டர் வரம்புக்குள் அடங்கிவிடும் நிகழ்வுகளையும் அது எடுத்துரைத்தது.

பட்டியலுக்கு வெளியே...

வட்டத்துக்குள் இருப்போர்க்கு நெருக்கடி என்றால், பட்டியலில் இல்லாத கட்டடங்களுக்கு வேறு விதி. இதற்கு மட்டாஞ்சேரியிலேயே சான்று உண்டு.

பரதேசி தொழுகைக்கூடத்துக்கும் மூத்தது கடவும்பாகம் தொழுகைக்கூடம். 1544-இல் கட்டப்பட்டதாகக் கருதப்படும் இது மலபார் யூதர்களுக்கு உரியதாக இருந்தது. 1948-இல் இஸ்ரேல் உருவான பிறகு, குறிப்பாக 1950-களில், கொச்சி யூதர்கள் கூட்டம் கூட்டமாகப் புலம்பெயர்ந்தனர். வழிபடுவோர் இல்லாத கட்டடம் பண்டகசாலையாயிற்று. அதன் மரவேலைப்பாடுகள் 1990-களில் ஜெருசலேம் நகரின் இஸ்ரேல் அருங்காட்சியகத்துக்குச் சென்று, அங்கே மீண்டும் பொருத்தப்பட்டுக் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. மட்டாஞ்சேரியில் எஞ்சி நின்ற கட்டடத்தின் முகப்புப் பகுதி 2019 செப்டம்பரில் மழையில் இடிந்து விழுந்தது.

நானூறு ஆண்டுகளைக் கடந்த கட்டடம் அது. முதல் நூறை நான்கு முறை தாண்டியிருந்தது. ஆனால், மத்தியப் பட்டியலில் அதன் பெயர் இல்லை. வயது மட்டுமே ஒரு கட்டடத்தைக் காப்பாற்றிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

பட்டியலில் இடம்பெற்றுவிட்டாலும் உத்தரவாதம் இல்லை. மத்தியப் பாதுகாப்பில் உள்ள 50 சின்னங்களைக் காணவில்லை என்று 2022 டிசம்பரில் பண்பாட்டு அமைச்சகமே நாடாளுமன்றக் குழுவிடம் தெரிவித்தது. அவற்றில் 14 நகரமயமாதலில் மறைந்தன. 12 நீர்த்தேக்கங்களில் மூழ்கின. 24 எங்கே என்றே தெரியவில்லை.

கால்வாயின் மறுகரையில் நவீனம்

மட்டாஞ்சேரியின் கரையில் நின்றால் எதிரே தெரிவது வில்லிங்டன் தீவு. இங்கேதான் முதல் நூறின் குறை வெளிப்படுகிறது.

கொச்சி முகத்துவாரத்தில் கிடந்த மணல்திட்டு, பெரிய கப்பல்களை நெடுங்காலம் வெளிக்கடலிலேயே நிறுத்திவைத்தது. மட்டாஞ்சேரிப் பண்டகசாலைகளிலிருந்து சரக்குகள் தோணிகளில் கப்பலுக்குச் சென்றன. 1920-இல் கொச்சிக்கு வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ அந்தத் திட்டை வெட்டி வழி திறந்தார். 1928 மே 26-இல் "பத்மா" என்ற கப்பல் உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது. தோண்டி எடுத்த மண்ணைக் கொண்டு எழுப்பிய தீவுக்கு அன்றைய வைஸ்ராய் வில்லிங்டனின் பெயர் சூட்டப்பட்டது. 1936-இல் கொச்சி பெருந்துறைமுகமானது.

மட்டாஞ்சேரி தானாக வளர்ந்த ஊர். தீவு வரைபடத்தில் பிறந்த ஊர். கப்பலும் ரயிலும் சாலையும் ஓரிடத்தில் சந்திக்குமாறு திட்டமிட்டு, துறைமுக அலுவலகம், சரக்குத் துறை, ரயில் முனையம், விடுதி என்று அமைக்கப்பட்டது. நெடும்பாசேரி விமான நிலையம் 1999-இல் திறக்கப்படும் வரை கொச்சிக்கான விமானங்களும் இங்கேயே இறங்கின. கேரளத்தின் நவீன காலம் கட்டட உருவம் பெற்ற இடங்களில் இதுவும் ஒன்று. தீவின் மேற்குக் கரைச் சரக்குத் துறைக்கு "மட்டாஞ்சேரி வார்ஃப்" என்றே பெயர்.

அந்த நவீனத்துக்கு மனித விலையும் உண்டு. "சாப்பா" எனும் உலோக வில்லைகளைக் கூட்டத்தில் வீசியெறிவர். பாய்ந்து பிடித்தவனுக்கே அன்றைய வேலை. இம்முறையை எதிர்த்துப் போராடிய துறைமுகத் தொழிலாளர்கள் மீது 1953 செப்டம்பர் 15-இல் மட்டாஞ்சேரியில் போலீஸார் சுட்டனர், தொழிலாளர்கள் உயிரிழந்தனர். 2023-இல் வெளியான "துறமுகம்" என்ற மலையாளத் திரைப்படம் அப்போராட்டத்தைச் சொல்கிறது. அத்தொழிலாளர்கள் மூட்டை சுமந்த துறைகளும் கிட்டங்கிகளும் சட்டத்தின் கண்ணில் இன்னும் "தொன்மை" பெறவில்லை.

2011-இல் வல்லார்பாடம் சரக்குப் பெட்டக முனையம் திறக்கப்பட்ட பின், பெட்டகக் கப்பல்கள் தீவை விட்டு அங்கே சென்றன. வேலை குறைந்த இடத்தில் கட்டடங்கள் கேட்பாரற்றுப் போவது இயல்பு. 1930-களில் எழுந்தவை நூறு வயதை எட்டுவதற்குள் எத்தனை எஞ்சும் என்பதே கேள்வி.

தலைநகர் கற்றுத்தந்த பாடம்

இது வெறும் அச்சமன்று. தில்லி பிரகதி மைதானத்தில் கட்டடக் கலைஞர் ராஜ் ரேவலும் பொறியாளர் மகேந்திர ராஜும் 1972-இல் உருவாக்கிய "ஹால் ஆஃப் நேஷன்ஸ்", சுதந்திர இந்தியாவின் தன்னம்பிக்கைக்கு அடையாளமாக உலகெங்கும் பேசப்பட்டது. 2017 ஏப்ரலில் அது இடிக்கப்பட்டது. 60 ஆண்டு நிறையாத கட்டடத்தை மரபுச் சின்னமாகக் கருத இயலாது என்பதே தில்லியின் மரபுப் பாதுகாப்புக் குழு எடுத்த நிலை. அக்கட்டடத்தின் வயது 45.

1927 ஜனவரியில் திறக்கப்பட்ட பழைய நாடாளுமன்றக் கட்டடம்கூட, மத்தியச் சட்டத்தின் நூறாண்டுக் கணக்கில் 2027-இல்தான் தேறும். சென்னை அண்ணா சாலையின் எல்.ஐ.சி. கட்டடம் 2059 வரை காத்திருக்க வேண்டும்.

உலகம் வேறு வழியில் செல்கிறது. இஸ்ரேலின் டெல் அவிவ் நகரில் 1930-களிலிருந்து எழுந்த நவீன பாணிக் கட்டடங்கள் நிறைந்த "வெள்ளை நகரம்" 2003-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. சண்டீகரின் தலைமைச் செயலக வளாகம் 2016-இலும், மும்பையின் ஆர்ட் டெகோ கட்டடத் தொகுதி 2018-இலும் அதே பெருமையைப் பெற்றன. ஒரு கட்டடம் எத்தனை நூற்றாண்டு கண்டது என்பதை மட்டும் பார்க்காமல், தன் காலத்தைப் பற்றி அது என்ன சொல்கிறது என்பதையும் யுனெஸ்கோ பார்க்கிறது.

மும்பையில் இதற்கு முன்மாதிரியும் உண்டு. 1995-இல் அங்கே நடைமுறைக்கு வந்த மரபு விதிமுறைகள் கட்டடங்களைத் தரவாரியாகப் பட்டியலிட்டன. தனிக் கட்டடங்களை மட்டுமின்றி முழுத் தெருக்களையும் வளாகங்களையும் சேர்த்துக்கொண்டன. கட்டும் உரிமையை இழக்கும் உரிமையாளர், அதை வேறிடத்துக்கு மாற்றி விற்றுக்கொள்ளவும் வழி செய்தன. பாதுகாப்பின் சுமை முழுவதையும் வீட்டுக்காரரின் தலையில் ஏற்றாத ஏற்பாடு இது.

முடிவு யார் கையில்?

மட்டாஞ்சேரியில் மாற்றங்கள் நிற்கவில்லை. 2012-இல் தொடங்கிய கொச்சி - முசிறி பினாலே கலைவிழா, பழைய பண்டகசாலைகளுக்குப் புதுப் பயன் தந்தது. வாட்டர் மெட்ரோவின் மட்டாஞ்சேரி, வில்லிங்டன் தீவு முனையங்கள் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டன. பயணிகள் இனி கூடுவர். நிலத்தின் மதிப்பும் உயரும். அதனால் தாக்குப்பிடிக்க முடியாமல் முதலில் வெளியேறப் போகிறவர்கள், தலைமுறைகளாக அங்கே வாழும் சுமைதூக்குவோரும் சிறு வணிகரும் வாடகைக் குடித்தனக்காரர்களுமே.

2010-இல் வகுக்கப்பட்ட தூரங்களை முற்றாக நீக்க வேண்டும் என்று எவரும் கோரவில்லை. நீக்கினால் நில வணிகர்களே பயனடைவர். சின்னத்துக்குச் சின்னம் மாறுபடும் வரம்பு, காலக்கெடுவுடன் கூடிய துணைவிதிகள், குடியிருப்போரின் சிறு கட்டுமானங்களுக்கு உள்ளூரிலேயே அனுமதி, நூறாண்டு நிறையாத கட்டடங்களுக்கும் பொருந்தும் ஒரு தேசியப் பட்டியல்: இந்த நான்கும் சட்டத் திருத்தத்தாலும் நிர்வாக உறுதியாலும் இயலக்கூடியவையே.

யூதர்கள் புறப்பட்டுச் சென்றபோது கடவும்பாகத்தில் கட்டடம் எஞ்சியது. கவனிப்பார் இல்லாமல் அதுவும் சரிந்தது. குடியிருப்போர் நீங்கிய ஊருக்கும் அதே கதி நேரும். அடுத்த திருத்த மசோதா எப்போது அவைக்கு வந்தாலும், சாலைக்கும் பாலத்துக்கும் விலக்குத் தேடுவதோடு நில்லாமல், வட்டத்துக்குள் வாழ்வோரையும் உறுப்பினர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.