துப்பினால் முடிந்துவிட்டதா?

“என் மகளுக்குப் பூசணிக்காய் பிடிக்காது.” இரண்டு வாய் ஊட்டியதுமே நான் எழுதிய தீர்ப்பு இது. வானொலியில் மணிக்கணக்கில் பேசுகிறவளுக்கு வீட்டில் அவ்வளவுதான் பொறுமை!

புதுச் சுவை பழக, 8, 10 தடவைகூட கொடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும் என்கின்றன ஆய்வுகள். வற்புறுத்தாமல், கொஞ்சமாக.

சோறும் பாலும் வயிற்றை நிரப்பும். வளர்ச்சிக்கு அது போதாது. மலேசியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 21.8 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமில்லை என்றது 2019 தேசியச் சுகாதார ஆய்வு. ஐவரில் ஒருவர்!

போர்ட் கிள்ளானில் மீனுக்கா பஞ்சம்? கெம்போங் மீனை அவித்து, முள் நீக்கி, பருப்புச் சோற்றில் பிசைந்தேன். முதல் நாலு நாளும் துப்பினாள். ஏழாம் நாள் என் தட்டிலிருந்தே எடுத்துத் தின்றாள்.

பூசணிக்காயா? இன்னும் துப்புகிறாள். நாளைக்கும் வைப்பேன்.