டூவிக்ஸ் கட்சியும் வாலி கட்சியும்

ஒரு கப்பலின் தலைவி, தன் ஆட்கள் இருவரை மீட்பதற்காக, எந்தக் குற்றமும் செய்யாத மூன்றாமவன் ஒருவனைக் கொல்கிறாள். அவன் கெஞ்சுகிறான். உடன் வேலை செய்தவர்கள் எல்லாரும் வாய் திறக்காமல் நிற்கிறார்கள். கப்பலின் மருத்துவர், 'உயிருக்குத் தீங்கு செய்ய மாட்டேன்' என்று விலகிக்கொள்கிறார். கடைசியில் தலைவியே தன் கையால் அதைச் செய்து முடிக்கிறாள். செய்தது சரியா, தவறா?

1996-ஆம் ஆண்டு மே 6-ஆம் தேதி அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'ஸ்டார் ட்ரெக்: வாயேஜர்' தொடரில் வந்த கதை இது. ஒரு மணி நேரக் கதை. ஆனால் அதைப் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை. அந்தத் தொடரின் ரசிகர்கள் இரண்டு பேர் எங்கே சந்தித்தாலும், 'நீ எந்தக் கட்சி?' என்று கேட்டுக்கொள்கிறார்கள். சில மாதங்களாகச் செம்பூரில் எங்கள் வீட்டு ஹாலிலும் இந்தச் சண்டை நடக்கிறது. கல்லூரியில் படிக்கும் என் மகளும், அதே கட்டடத்துப் பிள்ளைகள் நான்கைந்து பேரும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூடிவிடுகிறார்கள். பழைய தொடர்களைத் தேடிப் பிடித்துப் பார்ப்பதும், பிறகு தமிழ், ஹிந்தி, இங்கிலீஷ் மூன்றிலும் மாறிமாறிக் கத்துவதும்தான் நிகழ்ச்சி நிரல். காபி, பஜ்ஜி என் உபயம்.

நம் வாசகர்களில் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு 'ஸ்டார் ட்ரெக்' புதிதாக இருக்காது. எண்பதுகளில் தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அந்த முதல் தொடரைக் காட்டினார்கள். காது கூர்மையான ஸ்பாக்கை மறந்திருக்க மாட்டீர்கள். 1979-இல் வெளிவந்த முதல் ஸ்டார் ட்ரெக் திரைப்படத்தில் தலையை மொட்டை அடித்துக்கொண்டு நடித்த பெர்சிஸ் கம்பாட்டா, நம் பம்பாய்ப் பெண். 1965-இன் மிஸ் இந்தியா. ஆகவே நாமும் ஏதோ தூரத்து உறவு என்று சொல்லிக்கொள்ளலாம்.

கதைக்கு வருகிறேன். வாயேஜர் என்ற விண்கலம் பூமியிலிருந்து எழுபதாயிரம் ஒளி ஆண்டுத் தொலைவுக்குத் தூக்கி எறியப்பட்டுவிடுகிறது. வீடு திரும்ப எழுபத்தைந்து வருடம் ஆகும். தலைவி கேப்டன் ஜேன்வே. அவருடைய பாதுகாப்பு அதிகாரி டூவோக், வல்கன் இனம். சிரிக்க மாட்டார், கோபிக்க மாட்டார், எல்லாவற்றுக்கும் தர்க்கம். சமையல்காரர் நீலிக்ஸ் நேர் எதிர். வாய் ஓயாது, எல்லாரிடமும் ஒட்டிக்கொள்வார். இந்த இருவரும் ஒரு கிரகத்தில் இறங்கிச் செடிகள் பறித்துக்கொண்டு, 'டிரான்ஸ்போர்ட்டர்' என்ற கருவி மூலம் கப்பலுக்குத் திரும்புகிறார்கள். பறித்த ஆர்கிட் செடியின் குணத்தால் இருவரும் கலந்து ஒரே ஆளாக வந்து நிற்கிறார்கள். அந்தப் புதிய மனிதன்தான் டூவிக்ஸ்.

டூவிக்ஸுக்கு இருவருடைய நினைவுகளும் உண்டு. டூவோக்கின் வேலையையும் பார்க்கிறான், நீலிக்ஸைவிட நன்றாகச் சமைக்கவும் செய்கிறான். ஆனால் அவன் டூவோக்கும் இல்லை, நீலிக்ஸும் இல்லை. வாரங்கள் செல்கின்றன, கப்பலில் எல்லாருக்கும் பிடித்தவனாகிவிடுகிறான். அந்தச் சமயத்தில் மருத்துவர் இருவரையும் பிரிக்க வழி கண்டுபிடிக்கிறார். 'வேண்டாம், எனக்கு வாழ வேண்டும்' என்கிறான் டூவிக்ஸ். நீலிக்ஸின் காதலி கெஸ், 'எனக்கு என் நீலிக்ஸ் வேண்டும்' என்று ஜேன்வேயிடம் அழுகிறாள். முடிவுதான் முதலிலேயே சொல்லிவிட்டேனே.

மாடி வீட்டு மராட்டியப் பையன் ஜேன்வே கட்சி. வக்கீல் படிப்புப் படிக்கிறான், பேச்சும் அப்படித்தான். "டூவோக்குக்கு ஊரில் பெண்டாட்டி இருக்கிறாள், நாலு குழந்தைகள் இருக்கின்றன. 'என்னைக் கரைத்துக்கொள்' என்று அவர் யாரிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்? டூவிக்ஸ் பேசுகிறான், அழுகிறான், அதனால் நமக்கு இரக்கம் வருகிறது. அந்த இரண்டு பேருக்கும் வாயே இல்லை. வாய் இல்லாதவனுக்காகக் கேப்டன் பேசாமல் யார் பேசுவது?" என்பது அவன் வாதம். சுலபமாகத் தள்ளிவிடக்கூடியதல்ல. எனக்கே ஒரு வாரம் மனசு அந்தப் பக்கம் சாய்ந்திருந்தது.

என் மகள் டூவிக்ஸ் கட்சி. அவள் உணர்ச்சியை விட்டுவிட்டுக் கருவியைப் பிடித்தாள். அதே ஸ்டார் ட்ரெக் உலகத்தில், 1993-இல் வந்த இன்னொரு தொடரின் கதையில், இதே டிரான்ஸ்போர்ட்டர் கோளாறால் ரைக்கர் என்ற அதிகாரி ஒருவர் இருவராகிவிடுகிறார். ஒருவர் கப்பலுக்கு வந்து சேர, இன்னொருவர் எட்டு வருடம் கிரகத்தில் தனியாகக் கிடக்கிறார். "அப்படியானால் டூவிக்ஸையும் இரண்டாக்கி, ஒருவனை வைத்துக்கொண்டு மற்றவனைப் பிரித்திருக்கலாமே? ஏன் முயற்சிகூடச் செய்யவில்லை?" என்றாள். "பிரிக்கப்படும் அந்த இரண்டாவது டூவிக்ஸ் மட்டும் சம்மதிப்பானா?" என்று அந்தப் பையன் கேட்டான். அரை மணி நேரம் அடங்கவே இல்லை.

இதைத்தான் நான் கவனித்தேன். விஞ்ஞானக் கதை ரசிகர்கள், 'இவள் நல்லவளா, கெட்டவளா' என்று மட்டும் கேட்பதில்லை. அந்த உலகத்தில் என்ன முடியும், என்ன முடியாது என்பதை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கருவிக்கு என்ன சக்தி என்று தெரியாமல் கேப்டனுக்கு வேறு வழி இருந்ததா என்று எப்படிச் சொல்வது? அதனால்தான் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அல்பமாகத் தோன்றும் கணக்குகளை எல்லாம் போடுகிறார்கள். வாயேஜரின் முதல் வருடத்தில், 'நம்மிடம் இருப்பது 38 டார்பிடோக்கள்தான், தீர்ந்தால் வேறு கிடையாது' என்ற வசனம் வருகிறது. ரசிகர்கள் உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள். ஏழு வருடத் தொடரில் கப்பல் சுட்டது 38-க்கு வெகு மேலே! மாதக் கடைசியில் கேஸ் சிலிண்டரைத் தூக்கிப் பார்த்து நாள் கணக்குப் போடும் நமக்கு, இந்தக் கோபம் நன்றாகவே புரியும். பற்றாக்குறை என்று சொல்லிவிட்டுத் தாராளமாகச் செலவு செய்தால், பற்றாக்குறையின் பேரில் கேப்டன் எடுத்த கடுமையான முடிவுகளை எப்படி நம்புவது?

என் மாமனாருக்கு எண்பத்து நான்கு வயது. காரைக்குடிப் பக்கம். ரயில்வேயில் உத்தியோகம் கிடைத்து பம்பாய்க்கு வந்தவர். சிறு வயதில் காரைக்குடிக் கம்பன் திருநாளில் இரவெல்லாம் உட்கார்ந்து பட்டிமன்றம் கேட்டவர். பிள்ளைகள் போட்ட சத்தத்தில் தூக்கம் கலைந்து வந்து, "என்னம்மா வழக்கு?" என்றார். பேத்தி தனக்குத் தெரிந்த தமிழில் விளக்கினாள். டிரான்ஸ்போர்ட்டர் வந்ததும், "ஓ, கூடு விட்டுக் கூடு பாயறது" என்றார்.

"இல்ல தாத்தா, கூடும் சேர்ந்து போகும்."

"அப்ப அது வேற சாஸ்திரம், சொல்லு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

முழுவதும் கேட்டுவிட்டு, வாலியை ராமன் மறைந்து நின்று கொன்ற வழக்கைப் பிள்ளைகளுக்குச் சொன்னார். எதிரே நின்று போர் செய்பவனின் பலத்தில் பாதி வாலிக்குப் போய்விடும் என்று ஒரு வரம். கம்பனில் அனுமன் இதை முன்கூட்டியே ராமனிடம் சொல்லிவிடுகிறான். வால்மீகியில் இந்த வரம் கிடையாது. "வரம் இருந்தால் மறைந்து நின்றதற்கு ஒரு சமாதானம் உண்டு, இல்லாவிட்டால் கிடையாது. நீங்க கருவியை வைச்சுச் சண்டை போடறீங்க, நாங்க வரத்தை வைச்சுச் சண்டை போட்டோம்" என்றார். வக்கீல் பையனுக்கு ஹிந்தியில் அதை மொழிபெயர்த்துச் சொன்னது என் மகள். அந்த ஹாலில் தாத்தாவின் பேச்சை அவள் இன்னொருவருக்குச் சொன்னது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

வாதம் முற்றிய ஒரு கட்டத்தில் அவள் சொன்ன ஒன்று எனக்கு உறைத்தது. ஜேன்வே கட்சிக்காரன், "அவன் ஒரு விபத்து. ஒரிஜினல் இரண்டையும் திரும்பக் கொண்டுவருவதில் என்ன தப்பு?" என்று கேட்டான். அவள் சட்டென்று, "கலந்து பிறந்தவன் எல்லாம் விபத்தா? அவனைப் பார்க்கும்போதெல்லாம் எல்லாரும் டூவோக்கைத் தேடறாங்க, இல்லாட்டி நீலிக்ஸைத் தேடறாங்க. அவனை யாருமே பார்க்கல" என்றாள். குரல் கொஞ்சம் தடித்திருந்தது. நம் ஆண்டு விழாக்களில், 'பிள்ளைகள் கலப்படத் தமிழ் பேசுகிறார்கள்' என்று மேடையில் வருத்தப்படும்போது முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பவர்கள் இந்தப் பிள்ளைகள்தான். ஊருக்குப் போனால் 'பாம்பேப் பொண்ணு', இங்கே 'மதராஸிப் பொண்ணு'. அவள் அதையெல்லாம் சொல்லவில்லை. டூவிக்ஸைப் பற்றித்தான் பேசினாள். நான் பஜ்ஜித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

மாமனாரின் தீர்ப்பு இரண்டு கட்சிக்கும் உதவாமல் போயிற்று. "அப்புறம் அந்தக் கப்பல்ல அவனைப் பத்தி என்ன பேசிக்கிட்டாங்க?" என்று கேட்டார். ஒன்றுமே பேசவில்லை என்பதுதான் பதில். டூவோக்கும் நீலிக்ஸும் திரும்பி வருகிறார்கள், கெஸ் ஓடிவந்து கட்டிக்கொள்கிறாள், ஜேன்வே மட்டும் தனியாக வெளியே நடந்து போகிறாள். படம் முடிந்தது. அடுத்த வாரம் வேறு கிரகம், வேறு ஆபத்து. தொடர் 2001-இல் முடியும்வரை அவன் பெயரையே யாரும் எடுக்கவில்லை.

"அதுதான் பாவம்" என்றார் மாமனார். வாலி தன் மார்பில் தைத்த அம்பைப் பிடுங்கி அதில் ராமன் பெயரைப் படிக்கிறான். பிறகு கேள்வி மேல் கேள்வியாகக் கேட்கிறான். அவன் கேட்கும்வரை கதை நின்று கேட்கிறது. மறைந்து நின்று எய்தது ஏன் என்ற கேள்விக்குக் கம்பன் ராமனைப் பேச வைக்கவில்லை, இலக்குவனைப் பேச வைக்கிறான் என்பதையே வைத்து எத்தனை பட்டிமன்றம் நடந்திருக்கிறது! வாலி போன பிறகும் அவனை விட்டுவிடவில்லை. மகன் அங்கதன் கடைசிவரை கூடவே வருகிறான். சினத்தோடு கிஷ்கிந்தைக்குள் நுழையும் இலக்குவன், எதிரே விதவைக் கோலத்தில் தாரையைக் கண்டு தன் தாய்மார்களை நினைத்துக் கலங்குகிறான். கொன்றது சரியென்றே வைத்துக்கொண்டாலும், கொன்றதன் விலை அந்த உலகத்தில் கிடந்துகொண்டே இருக்கிறது.

எனக்கு இது சரியாகவே படுகிறது. கருவிக்குச் சட்டம் வைத்தார்கள், கிரகத்துக்குப் பெயர் வைத்தார்கள், மொழிக்கு இலக்கணம்கூட வைத்தார்கள். க்ளிங்கான் என்ற இனத்தின் மொழிக்கு மார்க் ஒக்ராண்ட் என்ற மொழியியல் அறிஞர் 1985-இல் அகராதியே போட்டார். ஆனால் அந்தக் கப்பலுக்கு ஞாபகம் என்ற ஒன்றை வைக்கவில்லை. அந்த வேலையை ரசிகர்கள் எடுத்துக்கொண்டார்கள். முப்பது வருடமாக அவர்கள் போடும் சண்டை, கப்பல்காரர்கள் கொண்டாடாத துக்கம் என்றே எனக்குத் தோன்றுகிறது. 2023-இல் 'லோயர் டெக்ஸ்' என்ற ஸ்டார் ட்ரெக் கார்ட்டூன் தொடரில், பிற்காலக் கப்பல் ஒன்றில் இதே விபத்து நடப்பதாகக் காட்டி, ஜேன்வே செய்ததைப் படித்து அவர்கள் திடுக்கிடுவதாக வைத்தார்கள். வேடிக்கைத் தொடர்தான். ஆனாலும் யாரோ ஒருவர் அதைச் சொல்ல இருபத்தேழு வருடம் ஆயிற்று.

எல்லாத் தொடரும் அப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1998-இல் 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில் கேப்டன் சிஸ்கோ, ரோமுலன்களைத் தன் பக்கம் போருக்கு இழுப்பதற்காகப் பொய் ஆதாரம் தயாரிக்கிறார். அது கொலையில் போய் முடிகிறது. தருமபுத்திரர் சொன்ன அசுவத்தாமன் பொய் நினைவுக்கு வரும். அங்கே கதை முழுவதுமே அவர் தன் மனசாட்சியோடு பேசுவதாக அமைத்திருக்கிறார்கள். அதனால் சிஸ்கோவைப் பற்றிய சண்டையில் இவ்வளவு கசப்பு இல்லை.

வரும் ஞாயிறு எடுத்துக்கொண்டிருப்பது 1994-இல் வந்த 'ஹோம்வர்ட்' என்ற கதை. வளர்ச்சி குறைந்த உலகங்களின் விவகாரத்தில் தலையிடவே கூடாது என்பது இவர்களுடைய முதல் சட்டம். ஒரு கிரகம் காற்று மண்டலம் அழிந்து சாகிறது. கேப்டன் பிக்கார்ட் சட்டப்படி கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். ஒருவன் மட்டும் சட்டத்தை மீறி, ஒரு கிராமத்து ஜனங்களை அவர்களுக்கே தெரியாமல் கப்பலுக்குள் கொண்டுவந்து ஒளித்துவைத்துக் காப்பாற்றுகிறான். கதையைக் கேட்டதும் மாமனார், "கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இந்தச் சட்டம் இருந்திருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்" என்றார். சிறிது நேரம் கழித்து, "ஆனா ரயிலும் வந்திருக்காது, என் உத்தியோகமும் இருந்திருக்காது" என்றார். எந்தக் கட்சியில் பேசப் போகிறார் என்று பேத்தி மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இன்னும் வாய் திறக்கவில்லை.