புத்தி சொல்லுமுன் வீட்டைத் தெரிந்துகொள்!

"உங்கள் பெண் வகுப்பில் தூங்கி விழுகிறாள், வீட்டுப் பாடமும் எழுதுவதில்லை" என்று பள்ளிக்கூடத்திலிருந்து புகார் வந்தால் என்ன நினைப்போம்? சுத்தச் சோம்பேறி என்போம். மனோதத்துவம் படித்தவர்களோ மனத்தில் ஏதோ குறை என்பார்கள்.

தேனி மாவட்டத்தில் அப்படிச் சட்டென்று தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. போடி, தேவாரம், கம்பம் பக்கத்து ஊர்களிலிருந்து அதிகாலையிலேயே ஜீப்புகள் புறப்படுகின்றன. ஏலக்காய்த் தோட்ட வேலைக்காகப் பெண்கள் கேரளத்து இடுக்கி மலைக்குப் போகிறார்கள். திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடும். தாய் போன வீட்டில் தம்பி தங்கையைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்புகிறவள் மூத்த பெண்தானே? அவளிடம் போய், "நேரத்தோடு தூங்கம்மா" என்று உபதேசம் செய்து என்ன பயன்?

இந்தப் பள்ளத்தாக்கில் வீட்டுக்கு வீடு உலகமே வேறு. கம்பத்தில் வீட்டில் கன்னடம் பேசும் குடும்பங்கள் உண்டு. தெலுங்கு பேசுவோரும் உண்டு. உத்தமபாளையத்தில் முஸ்லிம் குடும்பங்கள். ராயப்பன்பட்டியில் கிறிஸ்தவக் குடும்பங்கள். மலையடிவாரத்தில் பளியர் பழங்குடியினர். வாய் திறவாத பளியர் குழந்தைக்கு 'மந்தம்' என்று முத்திரை குத்திவிட்டால், அது பள்ளிக்கே முழுக்குப் போட்டுவிடும் அல்லவா?

பள்ளி ஆலோசகராகப் போகிறவர்களுக்கு இதற்கென்றே பயிற்சி வேண்டும். 1992-ல் அமெரிக்காவில் டெரால்ட் விங் சூ, பாட்ரிசியா அரெடோண்டோ, ரோடரிக் மெக்டேவிஸ் என்ற மூவர் இதற்கு வழி வகுத்தார்கள். முதலில், ஆலோசகர் தம் மனத்தில் ஊறிய எண்ணங்களை அறிய வேண்டும். அடுத்து, வந்திருப்பவரின் உலகத்தை அறிய வேண்டும். அதற்குப் பிறகுதான் அவருக்கேற்ற யோசனை!

முதல் பாடம்தான் கஷ்டமானது. ஜாதி எண்ணம் ஆலோசகரையும் விட்டுவைப்பதில்லையே! 2023-ல் நாங்குநேரியில் மாணவர்களே சக மாணவனை வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பிறகு, நீதிபதி சந்துரு தலைமையில் அரசு குழு அமைத்தது. பள்ளிகளில் மாணவர் நல அதிகாரிகள் வேண்டும் என்று 2024-ல் அக்குழு பரிந்துரைத்தது. அதிகாரி வந்தால் மட்டும் போதுமா? அவர் எல்லா வீட்டுப் பிள்ளைக்கும் பொதுவானவராக இருக்க வேண்டும்.

அத்தகையவர் அந்தச் சிறுமியிடம், "ஏன் தூங்குகிறாய்?" என்று அதட்டமாட்டார். "காலையில் என்னென்ன வேலை செய்வாய், கண்ணு?" என்று கேட்பார். தம்பி அரசுத் தொடக்கப் பள்ளியில் படித்தால், 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் அவன் அங்கேயே சாப்பிடுகிறானா என்று விசாரிப்பார். வீட்டுப் பாடத்தைப் பள்ளியிலேயே முடிக்க ஆசிரியையிடம் பேசுவார்.

உங்கள் வீட்டுப் பெண் மனோதத்துவம் படிக்கிறாளா? புத்தகத்தோடு நாலு தெருவையும் படிக்கச் சொல்லுங்கள்!