மலைப்பாதை வண்டிகள் – 9: காலி டேங்குக்குத்தான் பயப்பட வேண்டும்

வேனுக்கு அடியில் படுத்துப் பார்க்கிறவர்கள் பிரேக் குழாயைப் பார்ப்பார்கள், கியர்பெட்டியில் எண்ணெய் கசிகிறதா என்று தடவிப் பார்ப்பார்கள். டேங்கை யாரும் கவனிப்பதில்லை. உள்ளே டீசல் மணம் அடித்து, பின்சீட்டுப் பிள்ளைகள் வாந்தி எடுத்த பிறகுதான் அதன் நினைப்பு வருகிறது.

பெரகலையிலிருந்து வெல்லவாய இறங்கும் ஏ4 வீதியில் இருக்கிறது கொஸ்லந்த. ஆனால் இங்குள்ள வேன்களின் பிழைப்பு அந்தப் பெரிய வீதியோடு முடிவதில்லை. மீரியபெத்த, பூனாகலை என்று தோட்டப் பாதைகளில் ஏறி, லயத்துப் பக்கம் வரை போய்ப் பள்ளிப் பிள்ளைகளையும் நோயாளிகளையும் ஏற்ற வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தப் பாதையின் சேறு சக்கரத்தில் அடித்து மேலே போய், டேங்குக்கும் வண்டியின் தரைக்கும் இடையில் அடைந்துகொள்ளும். மாதக்கணக்கில் காயாது. பல வேன்களில் டேங்கைத் தாங்குவது இரண்டு இரும்புப் பட்டிகள். பட்டிக்கு உட்புறம் ஒரு ரப்பர்ப் பட்டை இருக்கும். அது நைந்ததும் இரும்போடு இரும்பு உரசும், பெயின்ட் போகும், நடுவில் ஈரச்சேறு நிற்கும். வெளியே பார்த்தால் டேங்க் நன்றாகவே இருக்கும். பட்டியைக் கழற்றினால்தான் அதன் அகலத்துக்கே துரு ஓடியிருப்பது தெரியும். ஸ்குரூ டிரைவர் முனையால் தட்டினால் செதில் செதிலாக உதிரும். அரிப்பு உள்ளேயிருந்தும் வரும். பாதி டேங்கோடு இரவு நிறுத்தினால், மலைக்குளிரில் உட்சுவர் வியர்த்துத் தண்ணீர் அடியில் சேரும். தண்ணீர் டீசலைவிடக் கனம் என்பதால் கீழேயே தங்கித் தகரத்தைத் தின்னும்.

இந்தப் பக்கத்து டேங்குகளைப் பற்றிப் பேசும்போது 2022இன் எரிபொருள் தட்டுப்பாட்டை விட்டுவிட முடியாது. கேனுக்கு எரிபொருள் கொடுக்கக் கூடாது என்று ஆனதும், டீசலைச் சேர்த்து வைக்க வண்டியின் டேங்கை விட்டால் வேறு பாத்திரம் இல்லை. வெல்லவாயவிலும் பண்டாரவளையிலும் ஷெட் வரிசையில் இரவு பகலாக நின்றவன், கிடைக்கிற நேரத்தில் கூடுதலாகப் பிடித்துக்கொள்ளத்தான் நினைப்பான். அவனை நான் குறை சொல்ல மாட்டேன். பின்சீட்டுக்கு அடியில் தகரப் பெட்டி, அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய், நடுவில் ஒரு திருகு: இரண்டாவது டேங்க் அப்படித்தான் வந்தது. ஏப்ரல் நடுவில் வேனுக்கு ஒரு தடவைக்கு 5,000 ரூபாய்க்கு மட்டும் என்றார்கள். ஜூன் 26ஆம் திகதி டீசல் லீற்றர் 460 ரூபாயானது. ஜூலையில் கியூஆர் முறை வந்து, வேனுக்கு வாரம் 20 லீற்றர் என்று ஒதுக்கினார்கள். டொல்பின் வேனின் சொந்த டேங்கே 60 லீற்றருக்கு மேல் கொள்ளும்; 20 லீற்றருக்கு இரண்டாவது டேங்க் எதற்கு? 2023 செப்டெம்பர் 1ஆம் திகதி கியூஆர் முறையும் போய்விட்டது. அன்றைக்கு வைத்த பெட்டிகள் மட்டும் சில வண்டிகளில் இன்னும் போகவில்லை.

அந்தப் பெட்டியில் என்ன பிழை? 40 லீற்றர் டீசல் 33 கிலோவுக்கு மேல் இருக்கும். கம்பனி டேங்கின் உள்ளே தடுப்புத் தகடுகள் உண்டு. வளைவில் திரும்பும்போது டீசல் மொத்தமாக ஒரு பக்கம் மோதாமல் அவை தடுக்கும். வெறும் பெட்டியில் அது கிடையாது. டீசல் எஞ்சினுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. பம்ப் இழுக்கிற டீசல் முழுவதும் எரிவதில்லை. மிச்சம் சூடேறி, திரும்புகுழாய் வழியாக டேங்குக்கே வரும். இரண்டாவது டேங்கிலிருந்து இழுத்து, திரும்புகுழாயை முதல் டேங்கிலேயே விட்டுவைத்தால், ஏற்கெனவே நிறைந்த டேங்க் வழிந்து, சூடான டீசல் சைலன்சர் பக்கம் சொட்டும்.

எனக்கு இதைவிடப் பெரிய பயம் ஏற்றத்தில்தான். வெல்லவாயவிலிருந்து தியலும நீர்வீழ்ச்சியைத் தாண்டி ஏறும்போது டேங்கில் உள்ளதெல்லாம் பின்பக்கம் சாயும். உறிஞ்சுகுழாய் முன்மூலையில் இருந்தால், டீசல் குறைந்த நேரத்தில் காற்றைத்தான் இழுக்கும். எஞ்சின் நிற்கும். எஞ்சின் நின்றால் பவர் ஸ்டியரிங் இறுகும். பிரேக்குக்குத் துணை நிற்கும் வெற்றிடமும் ஓரிரு மிதியோடு தீர்ந்துவிடும். பிள்ளைகளோடு வண்டி பின்னால் உருளத் தொடங்கும் இடம் அது.

டேங்க் எங்கே இருக்கிறது என்பதும் உயிர்ப் பிரச்சினைதான். அமெரிக்காவில் ஃபோர்ட் பின்டோ காரின் டேங்கைப் பின் அச்சுக்கும் பம்பருக்கும் இடையில் வைத்தார்கள். பின்னால் இடிபட்டவை தீப்பற்றின. 1978இல் சுமார் 15 இலட்சம் வண்டிகளைத் திருப்பி அழைக்க வேண்டியதாயிற்று. 2013 ஒக்டோபர் 30 அதிகாலை, பெங்களூரிலிருந்து ஹைதராபாத் போன சொகுசு பஸ் ஒன்று பாலெம் என்ற ஊருக்கு அருகே மதகுச் சுவரில் மோதியது. டீசல் டேங்க் உடைந்து தீப்பிடித்து 45 பேர் கருகிப்போனார்கள். டீசல் தீப்பற்றாது என்று சொல்கிறவர்களுக்கு இதற்கு மேல் என்ன சொல்ல? டேங்க் சேசிக்குள், சைலன்சரை விட்டுத் தள்ளி, கம்பனி வைத்த இடத்திலேயே இருக்க வேண்டும். ஆள் இருக்கும் இடத்தில் எந்த டேங்கும் கூடாது.

இனி வெல்டிங். டேங்க் ஒழுகினால் நம்மவர்கள் முதலில் சவர்க்காரத்தைத் தேய்த்து அடைப்பார்கள். வீடு போய்ச் சேர அது போதும். அடுத்த நாள் டேங்கைக் கழற்றி, தண்ணீர் விட்டு ஒரு தடவை அலசி, வெல்டிங் பாஸிடம் கொண்டுபோவார்கள். ஆட்கள் சாவது இங்கேதான். நிறைந்த டேங்கின் உள்ளே காற்று இல்லை. அதனால் வெடிக்க வழி குறைவு. காலி டேங்கில் ஆவியும் காற்றும் கலந்து நிற்கும். பெற்றோல் ஆவி காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு இருந்தாலே தீப்பொறி பட்டு வெடிக்கும். டீசல் சாதாரணச் சூட்டில் அப்படி ஆவியாகாது. 55 பாகைக்கு மேல் போக வேண்டும். ஆனால் வெல்டிங் சுவாலைக்கு அது ஒரு சூடா? மடிப்பிலும் துருவின் துளைகளிலும் ஒளிந்திருக்கும் கொஞ்ச டீசல் அந்தச் சூட்டில் ஆவியாகி, மூடிய பெட்டிக்குள் நிறைந்து, பாஸின் முகத்துக்கு நேரே வெடிக்கும். முறையான பட்டறையில் நீராவி பாய்ச்சிக் கழுவி, நைதரசன் போன்ற எரியாத வாயுவை நிரப்பி, ஆவி இல்லை என்று அளந்து பார்த்த பிறகே சுவாலையை எடுப்பார்கள். அந்த வசதி இல்லாத இடத்தில் வெல்டிங் வேண்டாம். துருப்பிடித்த டேங்கில் ஒரு ஓட்டையை அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று திறக்கும் என்பது வேறு கதை.

மாற்றுவதுதான் வழி. கொழும்பு பஞ்சிகாவத்தையில் அதே மாடல் டேங்க் கிடைக்கும்; பழையதென்றால் உள்ளே டோர்ச் அடித்து, தட்டிப் பார்த்து வாங்குங்கள். வேலையைத் திறந்தவெளியில் வைத்துக்கொள்ளுங்கள். ஆவி காற்றைவிடக் கனமானது, கராஜ் குழியில் தேங்கி நிற்கும். பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, டீசலை மூடியுள்ள கேனில் இறக்கி, டேங்குக்குக் கீழே பலகை வைத்து ஜாக்கால் தாங்கிய பிறகே பட்டியைத் தளர்த்த வேண்டும். வாய்க்குழாய், காற்றுக்குழாய், டீசல் போகும் குழாய், திரும்புகுழாய், மீட்டர் வயர் ஒவ்வொன்றையும் கழற்றும்போதே அடையாளம் இடுங்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயை வெட்டிப் போடாதீர்கள், டீசல் அதை ஊறவைத்துப் பிளந்துவிடும். எரிபொருளுக்கென்றே விற்கும் குழாயையும் புதிய கிளிப்பையும் போடுங்கள். பட்டிக்குப் புது ரப்பர் கட்டாயம். முதலில் 10 லீற்றர் ஊற்றிக் கசிவு பாருங்கள். பிறகு நிரப்பி, ஏற்றத்தில் ஒரு தடவை, இறக்கத்தில் ஒரு தடவை நிறுத்திப் பாருங்கள்.

கம்பனி டேங்குக்கு அதே டேங்கைப் போட்டால் சிக்கல் இல்லை. அமைப்பை மாற்றுவதென்றால் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்திடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதி இல்லாத மாற்றம், விபத்துக்குப் பிறகு காப்புறுதிப் பணத்துக்கும் வினையாகலாம்.

ஸ்கூல் வேன் வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். 2022இல் வைத்த பெட்டி இன்னும் உங்கள் பின்சீட்டுக்கு அடியில் இருந்தால், வரும் தவணை விடுமுறைக்குள் அதைக் கழற்றிவிடுங்கள். பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரும் ஒரு தடவை சீட்டைத் தூக்கிப் பாருங்கள்; பெட்டி இருந்தால் கழற்றச் சொல்லிக் கேளுங்கள்.