இணையம் இருக்கிறது, பக்கத்து அறை இல்லை

சென்ற ஆண்டு ஒரு மாதத்தின் ஏழாம் தேதி. ஆர்.கே.புரத்தில் கணக்கர் அலுவலகம் நடத்தும் நம் வாடிக்கையாளர் ஒருவர் பதற்றத்துடன் கிளைக்கு வந்தார். அவரிடம் கணக்கு ஒப்படைத்துள்ள சிறு தொழிற்கூடம் ஒன்றின் சம்பளப் பட்டியல் பின்னறைக் கணினியில் உள்ளது. அதை வங்கிக்கு அனுப்பும் கணினியோ முன்னறையில். ஏழாம் தேதிக்குள் சம்பளம் வழங்கியாக வேண்டும் என்பது சட்டம். இரு அறைகளிலும் இணையம் தடையின்றி வருகிறது. ஆனால் முன்னறையிலிருந்து பின்னறைக் கோப்பு திறக்கவில்லை. இணைய நிறுவனத்தாரோ தங்கள் பக்கம் குறையில்லை என்று கூறிவிட்டனர். அது உண்மையும்கூட.

வணிகவியல் மட்டுமே பயின்ற எனக்கு இச்சிக்கலை விளங்க வைத்தது நமது ஐ.எஃப்.எஸ். குறியீடுதான். அதன் 11 எழுத்துகளில் முதல் நான்கு வங்கியையும் கடைசி ஆறு கிளையையும் குறிக்கும். இடையே ஒரு பூஜ்யம். பணம் அனுப்பும் கிளை, சேரும் கிளைக்குச் செல்லும் பாதை முழுவதையும் அறிய வேண்டியதில்லை. அடுத்து யாரிடம் ஒப்படைப்பது என்று தெரிந்தால் போதும். ரூட்டரும் அவ்வாறே தன் அட்டவணையைப் பார்த்துத் தரவுப் பொட்டலத்தை அடுத்தவரிடம் தள்ளுகிறது. பல வரிகள் பொருந்தினால் மிகக் குறுகிய வரியே வெல்லும். எதுவும் பொருந்தாவிடில் இணைய நிறுவனத்துக்குப் போகும்.

இந்தக் குறுகிய வரியின் வலிமை சாதாரணமானதன்று. 2008 பிப்ரவரி 24 அன்று பாகிஸ்தான் டெலிகாம் உள்நாட்டில் யூடியூபைத் தடுக்க இட்ட அத்தகைய ஒரு வரி வெளியே கசிந்ததால், ஏறத்தாழ இரண்டு மணி நேரம் உலகின் பெரும்பகுதிக்கு யூடியூப் கிடைக்கவில்லை.

நம் வாடிக்கையாளரின் முதன்மை ரூட்டர் 192.168.1.1. பின்னறையில் இரண்டாம் ரூட்டர். அதன் பின்னுள்ள கணினிகளுக்கு 192.168.2 என்று தொடங்கும் முகவரிகள். அவற்றை அடைய 192.168.1.2 என்ற முகவரியிடம் கொடு என்று முதன்மை ரூட்டரில் ஒரு நிலைவழி எழுதப்பட்டிருந்தது. உணவு இடைவேளையில் சென்று, முன்னறைக் கணினியில் 'டிரேஸ்ஆர்ட்' கட்டளையைப் பின்னறைக் கணினியின் முகவரியுடன் இட்டுப் பார்த்தோம். முதல் வரியில் 192.168.1.1 தோன்றியது, அதற்குப் பின் ஒன்றுமில்லை.

இரண்டாம் வரியில் இணைய நிறுவனத்தின் முகவரி வந்திருந்தால் நிலைவழியே அழிந்துவிட்டது என்று பொருள். இரண்டாம் ரூட்டர் வரை சென்று நின்றிருந்தால் அதன் தடுப்புச்சுவரைச் சந்தேகிக்க வேண்டும். இங்கோ வழி இருக்கிறது, ஆனால் வாங்கிக்கொள்ள ஆளில்லை. முந்தைய இரவு மின்தடைக்குப் பின் இரண்டாம் ரூட்டர் 192.168.1.7 என்ற புதிய முகவரியைப் பெற்றிருந்தது. வீடு மாறியவரின் பழைய முகவரிக்கே காசோலைப் புத்தகம் அனுப்புவதைப் போன்றதே இது.

முதன்மை ரூட்டரில் 192.168.1.2 என்பதை இரண்டாம் ரூட்டருக்கே ஒதுக்கி, இரண்டாம் ரூட்டரை மறுதொடக்கம் செய்ததும் கோப்பு திறந்தது. மாலைக்குள் சம்பளம் சென்றது. ஒதுக்கீடு செய்யாமல் நிலைவழியில் மட்டும் 7 என்று திருத்தியிருந்தால், அடுத்த மின்தடையில் மீண்டும் இதே கதைதான்.

உள்ளே நுழைந்தபோது ஒன்றைக் கண்டு திடுக்கிட்டேன். ரூட்டரின் கடவுச்சொல், வாங்கிய நாளில் இருந்ததேதான்! சம்பளக் கோப்பைவிட அதற்கே நான் அதிகம் அஞ்சினேன். அதையும் அப்போதே மாற்றச் செய்து, இரு முகவரிகளையும் ஒரு தாளில் எழுதி ரூட்டரின் மீது ஒட்டிவிட்டு வந்தோம், கடவுச்சொல்லை அல்ல.