இரண்டாமிடத்தின் மதிப்பு

வென்றவரை மட்டுமே உலகம் நினைவில் கொள்ளும் என்பது பொதுவான நம்பிக்கை. அதற்கு விலக்காக விளங்கியவர் பிரான்ஸ் நாட்டு மிதிவண்டி வீரர் ரேமோன் புலிதோர்.

1936-ஆம் ஆண்டில், பிறர் நிலத்தை வாரத்துக்கு உழுத ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். 1960 முதல் 1977 வரை தொழில்முறை வீரராகத் திகழ்ந்தார். 'டூர் டி பிரான்ஸ்' போட்டியில் 14 முறை பங்கேற்று, மூன்று முறை இரண்டாமிடமும் ஐந்து முறை மூன்றாமிடமும் பெற்றார். முதலிடம் ஒருமுறைகூடக் கிட்டவில்லை. முன்னிலையில் இருப்பவர் அணியும் மஞ்சள் சட்டையை ஒருநாள்கூட அவர் அணிந்ததில்லை.

1964-ஆம் ஆண்டுப் போட்டியின் தொலைவு 4,500 கி.மீ.க்கும் அதிகம். அதில் ஷாக் ஆன்கெத்தீலிடம் அவர் இழந்தது வெறும் 55 விநாடிகள். ஆன்கெத்தீலுக்கு அது ஐந்தாவது பட்டம். ஆயினும், மக்களின் பேரன்பு புலிதோருக்கே கிடைத்தது.

இது எவ்வாறு நிகழ்ந்தது? பரிசுத் தொகையில் முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் இடைவெளி கூடினால் போட்டியாளர்களின் உழைப்பும் கூடும் என 1981-இல் லசியர், ரோசன் ஆகிய பொருளியல் அறிஞர்கள் விளக்கினர். ஆனால், சாலைப் பந்தயத்தின் கணக்கு பரிசுத் தொகையோடு முடிவதில்லை. சாலையோரம் நின்று பார்ப்பவரிடம் நுழைவுக் கட்டணம் வசூலிக்க முடியாது. 1903-இல் இப்போட்டியைத் தொடங்கியதே ஒரு நாளிதழ்தான். நோக்கம், விற்பனையைப் பெருக்குவது. விளம்பரதாரர்கள் விலைகொடுத்து வாங்குவது மக்களின் விருப்பத்தை. பெரும்போட்டி முடிந்தபின் சிற்றூர்களில் நடைபெறும் பந்தயங்களுக்கும் மக்கள் காண விரும்பும் வீரர்களையே பணம் கொடுத்து அழைப்பர். ஆகவே, தோற்றவரின் புகழும் அங்கே வருமானமாக மாறியது.

மற்றொரு காரணமும் உண்டு. அக்காலத்தில் பிரான்ஸ் நாட்டு உழவர் குடும்பங்கள் கிராமங்களைவிட்டு நகரங்களுக்குச் சென்றுகொண்டிருந்தன. உழைத்தும் உச்சியை எட்டாத அவர்கள், புலிதோரிடம் தங்களையே கண்டனர்.

கடத்தூரில் வாழும் எனக்கு இது அயல்நாட்டுச் செய்தியாகத் தோன்றவில்லை. பிழைப்புக்காகத் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் செல்லும் குடும்பங்கள் இங்கும் உண்டு. பிள்ளைகளின் படிப்பே அவர்களின் ஒரே முதலீடு. அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டியில் பள்ளிக்குச் செல்லும் அப்பிள்ளைகளை ஓரிரு மதிப்பெண்களால் எடைபோடுகிறோம்.

பொதுத்தேர்வு முடிவுகளில் தரவரிசை வெளியிடும் முறையைத் தமிழக அரசு 2017-இல் கைவிட்டது. நம் மனங்கள் அதனை இன்னும் கைவிடவில்லை. குறைந்த இடங்களைப் பலருக்குப் பகிரும்போது தரவரிசை தேவைதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால், அது இடங்களைப் பங்கிடும் கருவியே அன்றி, மனிதரை அளக்கும் கோல் அன்று. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளும்போது, நன்கு படித்த மாணவரும் தம்மைத் தோற்றவராகக் கருதி ஒடுங்கிவிடுகிறார்.

ஓய்வுக்குப் பிறகும் ஆண்டுதோறும் அப்போட்டிக்கு வந்த புலிதோரை மக்கள் சூழ்ந்துகொண்டனர். 2019-இல் அவர் மறைந்தார். 2021-இல் அவருடைய பேரன் மத்யூ வான் டெர் போல் மஞ்சள் சட்டையை அணிந்தார். அந்தச் சட்டை இல்லாமலேயே பாட்டனார் அதற்கு முன்பே மக்கள் மனங்களில் இடம்பிடித்திருந்தார்.

தேர்வு முடிவு வெளியாகும் நாளில், 'எத்தனையாவது இடம்?' என்று கேட்பதற்கு முன், 'அடுத்து என்ன படிக்க விரும்புகிறாய்?' என்று பிள்ளைகளிடம் கேட்போம்.