கான்சாபுரம் யார் ஊர்?

ராஜபாளையம் போகிறவர்கள் அய்யனார் கோவிலுக்குப் போகாமல் திரும்புவதில்லை. மலையடிவாரத்தில் ஆறு, ஆற்றோரம் காவல் தெய்வம். குளித்து, கும்பிட்டு, கட்டுச்சோற்றையும் முடித்துக்கொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளையும் தரிசித்துவிட்டால் பிரயாணம் பூர்த்தி என்று நினைப்பீர்கள். இன்னும் ஒன்று பாக்கி! வத்திராயிருப்புப் பக்கம் கான்சாபுரம் என்று ஓர் ஊர். அது யார் பெயர், தெரியுமா?

கான்சாகிபுவின் பெயர்தான் என்பது வழக்கு. ராமநாதபுரம் சீமையில் பனையூரில் பிறந்த மருதநாயகம், பிறகு முகம்மது யூசுப்கானாகி, கும்பினிச் சிப்பாய்களின் தளபதியானார். 1758-59ல் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, வெளியே நின்று எதிரிக்கு வரும் உணவுப் பொருள்களை மடக்கித் திணற அடித்தார். 1759ல் மதுரை, திருநெல்வேலிச் சீமைகள் அவர் நிர்வாகத்துக்கு வந்தன. ராஜபாளையத்துக்குத் தெற்கே, நெற்கட்டும்செவலில் பூலித்தேவரின் கோட்டையை 1761ல் பிடித்தவரும் இவரே. அந்த வட்டாரத்தில் இந்தப் பெயரை எல்லோரும் ஒரே மாதிரி நினைக்க முடியுமா, சொல்லுங்கள்!

ஆற்காட்டு நவாபுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. 1763ல் கும்பினிப் படை அவர்மேலேயே வந்தது. அவரோ மதுரையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். ஒரு காலத்தில் யாரை விரட்டினாரோ, அவர்களுடைய கொடி! கோட்டை மாதக் கணக்கில் தாக்குப்பிடித்தது. வெளியே இருந்தவர்களால் முடியாததை உள்ளே இருந்தவர்கள் முடித்தார்கள். பிரெஞ்சு அதிகாரி மார்ஷாந்தும் அவர்களில் ஒருவர். 1764 அக்டோபர் 15ந் தேதி கான்சாகிபுவைத் தூக்கிலிட்டார்கள்.

ஆளைத் தூக்கிலிட்டார்கள், பெயரை என்ன செய்ய முடிந்தது? மதுரையில் கான்சாமேட்டுத் தெரு இருக்கிறது. சம்மட்டிபுரத்தில் அவர் அடங்கிய இடத்தில் பள்ளிவாசல் இருக்கிறது. 'கான்சாகிபு சண்டை' என்று கதைப்பாடலே இருக்கிறது.

அவருடைய மனைவி மாசா. கணவன் தூக்குமேடைக்குப் போனபோது, கையில் சின்னஞ்சிறு பிள்ளை. அவளைப் பற்றிச் சரித்திரம் ஓரிரு வரியோடு நிறுத்திக்கொண்டது. கோட்டையைக் காத்தவன் பெயர் தெருவுக்கு வந்துவிடுகிறது. வீட்டைக் காத்தவள் பெயர் வீட்டோடு போய்விடுகிறது.

அடுத்த தடவை அந்தப் பக்கம் போகும்போது, பஸ்ஸில் யாராவது "கான்சாபுரம் ஒரு டிக்கெட்" என்று கேட்டால், பக்கத்தில் இருக்கும் குழந்தைக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். மாசாவை விட்டுவிடாமல் சொல்லுங்கள்.